பூக்கட்டிப் பார்த்து வந்த பள்ளிக்கூடம்

பஞ்சாயத்துத் தலைவர்களாகவும் பள்ளிக் கமிட்டி உறுப்பினர்களாகவும் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் நான் நேரில் வந்து பேசுவதாகத்தான் ஏற்பாடு. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டிலேயே சொல்வதால், எழுதியே கொடுத்துவிட்டேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். கருத்தில் கைவைக்க நான் விடவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. மாட்டு வண்டியில் புகையிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் சரக்குக் கிட்டங்கிகளுக்கு அடித்தவன். வண்டி லாரியானது, லாரிக்காரன் ஊருக்குப் பெரியவன் ஆனான், அறுபதுகளின் தொடக்கத்தில் குஜிலியம்பாறைப் பக்கத்து யூனியனுக்குச் சேர்மன் ஆனான். என் மேசைக்கு முன்னால் பி.ஏ. படித்தவர்கள் நின்றுகொண்டு பேசியிருக்கிறார்கள். நான் திறந்த பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இன்றைக்கு டாக்டராகவும் தாசில்தாராகவும் இருக்கிறார்கள். இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் உண்டு. தற்பெருமைதான். செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மனு எழுதுவது, தீர்மானம் போடுவது, எந்த அதிகாரியை எப்போது போய்ப் பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்கு ஆபீசில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். ஊர் எதிர்த்தால் எதிர்த்து நின்று பேசிக்கொள்ளலாம். ஊர் 'சரி' என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு வராமல் இருந்தால் என்ன செய்வீர்கள்?

எங்கள் யூனியனில் கரட்டுப்பட்டி, வாய்க்கால்பட்டி என்று இரண்டு ஊர்கள். நடுவில் ஓர் ஓடை. வருடத்தில் பெரும்பாலும் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எங்கோ மேற்கே பெய்த மழைக்கு இங்கே திடுமென்று வெள்ளம் வரும். ஓடைக்கரையில் இரண்டு ஊருக்கும் பொதுவாக முத்தாலம்மன் கோயில். இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். அதனால் விருந்துக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை.

இரண்டு ஊரிலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பையன்கள் ஆடு மேய்க்கப் போவார்கள். ஒன்றிரண்டு பேர் வேடசந்தூருக்கு நடப்பார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு ஒரு ஹைஸ்கூல் வேண்டும் என்று நான் அலைந்த அலைச்சலில் மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் திண்டுக்கல்லில் இருந்த கல்வி அதிகாரி இறங்கிவந்தார். "ஒரே ஊர்ப் பிள்ளைகளை வச்சு ஹைஸ்கூல் நடத்த முடியாது, சேர்மன். ரெண்டு ஊரும் சேர்ந்து இடம் காட்டணும், ரெண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேரணும். இல்லேன்னா இது வேற யூனியனுக்குப் போயிரும்" என்றார்.

இடம் கொடுக்க இரண்டு ஊரும் முந்தினார்கள். அதுதான் வினை. இந்த ஊர் காட்டிய இடத்துக்கு அந்த ஊர் சம்மதிக்கவில்லை. ஓடை மணலில் கூட்டம் போட்டேன். நாள் முழுக்க இப்படித்தான் போனது:

"எங்க இடம் மேடு. நல்லாக் காத்து வரும்."

"காத்து வாங்கவா பிள்ளைக வருது? எங்க இடத்துல பஸ்ஸே நிக்கும்லே."

"பஸ் நின்னா வாத்தியாரு ஏறி ஊருக்குப் போயிருவாரு. எங்க இடத்துல மாட்டுனா சாயங்காலம் வரைக்கும் தப்பிக்க முடியாது!"

சிரித்தார்களே தவிர ஒருவரும் இறங்கவில்லை. அப்போது ஒரு பெரியவர் எழுந்து, ஆத்தாளிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் மனிதர்களால் முடியாததை அப்படித்தான் முடிப்போம். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. இரண்டு ஊரும் உடனே சம்மதித்தார்கள். நானும் சம்மதித்தேன். யார் தோற்றாலும் என்மேல் கோபப்பட முடியாதே!

தேர்தலில் என்னை எதிர்த்துத் தோற்றுப் போயிருந்த ஒரு வக்கீல் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "சேர்மன் அண்ணே, ஆத்தாளுக்கு ஓட்டு இல்லைன்னுதானே அவ தலையில தூக்கி வச்சிட்டீங்க?" என்றார்.

"ஓட்டு இல்லாட்டியும் அவ பேச்சை ரெண்டு ஊரும் கேக்குது. உங்க பேச்சை உங்க வீட்டுலயே கேக்க மாட்டாகளே" என்றேன். கூட்டம் கைதட்டியது. ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

வெள்ளைப் பூ வந்தது. வெள்ளை வாய்க்கால்பட்டிக்கு. அந்த ஊர்க்காரர்கள் கொட்டடித்து, வேட்டுப் போட்டு, துண்டைத் தூக்கி வீசி ஆடினார்கள். கரட்டுப்பட்டிக்காரர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். நான் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பறந்தேன். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாய்க்கால்பட்டி இடத்தில் கொட்டகை போட்டோம். ஆறாம் வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்லித் தமுக்கு அடித்தோம். கரட்டுப்பட்டியிலிருந்து ஒரு பிள்ளைகூடப் பெயர் கொடுக்கவில்லை. அதிகாரிக்குச் சேதி போய்விட்டது. ஆனி மாதம் பள்ளி திறக்கிற அன்று தானே வந்து பார்ப்பதாகவும், கரட்டுப்பட்டிப் பிள்ளைகள் இல்லையென்றால் அன்றைக்கே ரத்து என்றும் சொல்லி அனுப்பினார்.

கரட்டுப்பட்டி நாட்டாமை வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனேன். மனுஷன் வாசலில் உட்கார்ந்து கற்றாழை நாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சேர்மனே. மோர் குடிக்கிறீகளா?"

"மோர் கிடக்கட்டும். பிள்ளைகளை ஏன் அனுப்பலை?"

"பள்ளிக்கூடம் அங்கிட்டுன்னு ஆத்தா சொன்னா. சரின்னு கும்புட்டோம். பிள்ளைய அனுப்புன்னு ஆத்தா சொல்லலையே."

"பள்ளிக்கூடமே பிள்ளைக போறதுக்குத்தானே நாட்டாமை?"

"அவுக பள்ளிக்கூடம். அவுக பிள்ளைக போகட்டும். நாங்க தடுத்தமா?"

கோபமே இல்லை மனுஷனிடம். கோபப்படுகிறவனை நான் வளைத்துவிடுவேன். மோர் கொடுத்து உபசரிக்கிறவனை எப்படி வளைப்பது?

என்னோடு இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர், "கரட்டுப்பட்டிக்கு ரோட்டு வேலை நடக்குதுல்ல, நிறுத்துங்க. தன்னால வருவாங்க" என்றார். இன்னொருவர், அதிகாரி வருகிற அன்று வேறு ஊர்ப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகையில் உட்கார வைத்துவிடலாம் என்றார். இரண்டும் நடக்கக்கூடியவைதான். இரண்டாவதை நான் செய்தால் அந்த அதிகாரியின் தாத்தா வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வண்டியில் வந்த பிள்ளை சாயங்காலம் வண்டியில் போய்விடும். மறுநாள் கொட்டகை காலியாகத்தான் கிடக்கும். ரோட்டை நிறுத்தினாலோ, பிள்ளைகள் வந்தாலும் தண்டனைக்கு வந்ததாகத்தான் வரும். தம்பிமார்களே, அவசரத்தில் உங்களுக்கும் இப்படி யோசனை சொல்ல ஆள் வருவார்கள். 'இதை நாளைக்கும் செய்ய முடியுமா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு வேறு வழி தெரியாமல்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் முத்தாலம்மன் கோயிலில் நின்றேன். பூசாரி திருவிழாவுக்காகப் பீடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் கையை நிறுத்தாமல், "இந்த வருசம் சாட்டுக்குப் பூ யாருக்கு விழுகுதோ, பாவம்" என்றார்.

பாவம்!

அந்தத் திருவிழாவின் வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் திருவிழா சாட்டும்போது, அதாவது நாள் குறித்து ஊருக்குச் சொல்லும்போது, பூக்கட்டிப் பார்ப்பார்கள். எந்த ஊருக்குப் பூ விழுகிறதோ அந்த ஊர்தான் பிடிமண் எடுத்துக் கொடுத்து அம்மன் சிலை செய்யச் சொல்ல வேண்டும். அந்த ஊர்தான் பந்தல் போட வேண்டும், சோறு போட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் வீடு வீடாக அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் அடுத்த ஊர் திருவிழாவுக்கு வராது. கோபித்துக்கொண்டு அல்ல, அழைக்காத இடத்துக்குப் போகக் கூடாது என்பதால். பூ விழுந்த ஊர் என்றைக்கும் கொட்டடித்தது கிடையாது. பெருமூச்சுதான் விடும்.

நாங்கள் என்ன செய்தோம்? அதே கோயிலில், அதே பூவை வைத்து, குத்துச்சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதுபோல் ஆக்கிவிட்டோம். பூ விழுந்தவன் வேட்டுப் போட்டான். விழாதவன் அழைப்புக்குக் காத்திருந்தான். காத்திருப்பதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது அவனால். இத்தனை பேர் மூளையைக் கசக்கினார்களே, ஒருவருக்காவது இது தோன்றியதா? எனக்குத்தான் தோன்றியது.

நேராக வாய்க்கால்பட்டி நாட்டாமை அழகர்சாமியிடம் போனேன். அவர் மனைவி காளியம்மாள், வெள்ளைச்சாமியின் தங்கை. பூ விழுந்த நாளிலிருந்து அந்த அம்மா பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

"ஜெயிச்சவன் போய்க் குனியணுமா அண்ணே?" என்றார் அழகர்சாமி.

"நீ எங்க ஜெயிச்ச? உனக்குப் பூ விழுந்திருக்கு. பூ விழுந்தவன் என்ன செய்யணும், நீயே சொல்லு."

உள்ளேயிருந்து காளியம்மாளின் குரல் வந்தது. "தட்டை நான் எடுத்துக்கிடுறேன். அவரை நல்ல வேட்டியாக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க அண்ணே."

மறுநாள் காலையில் வாய்க்கால்பட்டியின் பெரிய தலைகள் எல்லாம் தட்டுகளோடு ஓடையைத் தாண்டினார்கள். நானும் கூடப் போனேன். கரட்டுப்பட்டி மொத்தமும் தெருவுக்கு வந்துவிட்டது.

வெள்ளைச்சாமி தட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "என்ன மாப்ள, தட்டோட வந்திருக்க? பொண்ணு கேக்க வந்தியா?"

"ஆமா மச்சான். ஒண்ணு ரெண்டு இல்ல. ஊருல இருக்க பொண்ணு அம்புட்டையும் கேட்டு வந்திருக்கோம். பள்ளிக்கூடத்துக்கு. பையன்களையும் சேர்த்து விட்டியன்னா வேணாம்னா சொல்லப் போறோம்?"

தெருவே சிரித்தது. வெள்ளைச்சாமியும் சிரித்துவிட்டார். வெற்றிலையை எடுக்கக் கை நீட்டினார். எடுத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். என் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"மாமா, எடுக்காதீங்க."

கதவோரம் நின்ற அவர் மருமகள் ராக்கம்மாள்தான் சொன்னது. நீட்டிய கை அப்படியே நின்றது. மாமனாரை நாலு பேருக்கு முன்னால் தடுத்துப் பேசும் மருமகளை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை. அவள் மாமனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சேர்மனய்யா, அழைச்சது சரி. ஐப்பசியில ஓடை வந்துச்சுன்னா எம் மகளை எந்தக் கரையில நிப்பாட்டுவீக?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்குப் பொறந்த ஊரு ஆத்தூருப் பக்கம். அஞ்சாப்பு முடிச்சேன். ஆறாப்புக்கு ஆத்தைத் தாண்டணும். ஒரு நாள் தண்ணி வந்து அக்கரையிலயே மாட்டிக்கிட்டேன். மறுநாளு எங்கப்பா புத்தகத்தை எடுத்துப் பரண்ல போட்டுட்டாரு. தண்ணி வடிஞ்சிருச்சு. புத்தகம் இறங்கவே இல்ல. எம் மக படிக்கணும். பாதியில நிக்கிறதுக்குப் போகக் கூடாது."

'பாலம் போட்டுத் தருகிறேன்' என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே வெற்றிலை எடுபட்டிருக்கும், எனக்கு மாலையும் விழுந்திருக்கும். ஆனால் யூனியனில் அந்த வருடம் பாலத்துக்கு வழியில்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாற்பது வருடப் பொதுவாழ்க்கையில் நான் பேசாமல் விழுங்கிய சொற்கள் குறைவு. விழுங்கியதில் விலை உயர்ந்தது அதுதான்.

"என்கிட்ட பாலம் இல்ல தாயி" என்றேன்.

கூட வந்தவர்கள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நான் அழகர்சாமி பக்கம் கையைக் காட்டினேன். "பூ விழுந்த ஊருக்காரரு இந்தா நிக்காரு. விருந்தாளிக்கு வழி போட்டுக் குடுக்க வேண்டியது அவரு பொறுப்பு. அவரைக் கேளு."

அழகர்சாமி தட்டும் கையுமாக மாட்டிக்கொண்டார். "வழி போடலாம்... கல்லுக்கு எங்க போக? எங்க ஊருல இருக்கது வண்டல் மண்ணுதான?"

"கல்லு எங்க கரட்டுல கிடக்கு" என்றாள் ராக்கம்மாள். "வண்டி உங்ககிட்ட இருக்கு."

"ஏத்தா!" என்று வெள்ளைச்சாமி தலையில் கைவைத்தார். "கல்லையும் குடுத்துப் பொண்ணையும் குடுக்கணுமா? நல்லாருக்கே உன் நியாயம்!"

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அழகர்சாமி சொல்லிவிட்டார்: "வண்டியும் எங்களுது, ஆளும் எங்களுது மச்சான். மழைக்கு முன்னால முடியலைன்னா எங்க ஊருப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாது. போதுமா?"

வெள்ளைச்சாமி வெற்றிலையைத் தொடவில்லை. "கல்லு தாரோம். வெத்தலையைப் பெறகு பாப்போம்" என்று உள்ளே போய்விட்டார்.

வைகாசி முழுக்க வேலை நடந்தது. கரட்டுப்பட்டிக்காரர்கள் கரட்டில் கல் உடைத்துப் பாளமாகப் பெயர்த்துக் கொடுத்தார்கள். வாய்க்கால்பட்டி வண்டிகள் ஏற்றி வந்து, ஓடையில் கல்தூண் நட்டு, மேலே பாளங்களைப் பாவினார்கள். வேலையும் நடந்தது, வாய்ச்சண்டையும் நடந்தது. "உங்க மாடு ஊர்க்கல்லைச் சுமக்குமா, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்னு தொப்பை போட்டதாச்சே" என்று கல் உடைப்பவர்கள் கேட்பார்கள். "மாடாச்சும் சுமக்குது, நீங்க உக்காந்து வாயிலதான கல்லு உடைக்கிறீக" என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். நான் தலையிடவில்லை. கை வேலை செய்கிறபோது வாய் என்ன பேசினால் என்ன?

ஆனி பிறந்தது. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டகையில் வாய்க்கால்பட்டிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மறுபாதி காலி. பாலத்தில் கரட்டுப்பட்டிக் கரையோரம் கடைசிப் பாளம் இன்னும் போடவில்லை. தூண் மட்டும் நின்றது.

"என்ன சேர்மன்?" என்றார் அதிகாரி.

"இளநீர் குடிங்க" என்றேன். குடித்தார். இன்னொன்று வெட்டச் சொன்னேன். வேண்டாம் என்று பேனாவைத் திறந்தார். அழகர்சாமி பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கரையில் ராக்கம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பாளம் இல்லாத இடத்தில் மணலில் இறங்கி, மகளைத் தூக்கிக் கல்லின்மேல் விட்டு, தானும் ஏறினாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளைச்சாமி.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "பெரியவரே, உங்க ஊரு சம்மதம்தானா? ஆத்தா உத்தரவு குடுத்திட்டாளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆத்தா ஒண்ணும் சொல்லலைங்க. எம் மருமக சொல்லிட்டா. வீட்டுல சோறு அவதான போடுறா?"

காளியம்மாள் தயாராக வைத்திருந்த தட்டை நீட்டினாள். வெள்ளைச்சாமி வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, அங்கேயே மென்றார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அந்த ஐப்பசியில் ஓடை வந்தது. நான் போய்ப் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். வெள்ளம் தூணில் மோதிச் சுழித்துக்கொண்டு கீழே போனது. பிள்ளைகள் மேலே போனார்கள். அந்த யூனியன் முழுக்க எத்தனையோ கட்டடத்தில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பாலத்தில் மட்டும் யார் பெயரும் இல்லை. வெட்டச் சொல்லலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. கேட்டால் இரண்டு ஊரும் அடிக்க வந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு நான் சட்டசபைக்கு நின்றேன். ஜெயித்தேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கரட்டுப்பட்டிப் பெட்டியைத் திறந்தபோது ஏறத்தாழ மொத்த ஓட்டும் அந்த வக்கீலுக்கு விழுந்திருந்தது. எனக்கு மனது ஆறவில்லை. அடுத்த வாரமே அந்தப் பக்கம் போனேன். பாலத்தடியில் வெள்ளைச்சாமியே எதிரில் வந்தார். கையில் தூக்குவாளி.

"ஏன் நாட்டாமை, நான் என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் இல்லைங்க. மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். "என்ன இருந்தாலும் பள்ளிக்கூடம் அங்கிட்டுல்ல இருக்கு?"

அதற்கு மேல் நின்று பேச அவருக்கு நேரம் இல்லை. "பிள்ளை சோத்தை மறந்திட்டுப் போயிருச்சு, மணியடிச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டு, பாலத்தில் ஏறி வேகமாக நடந்தார்.